நம்ம பக்கத்துப் பொய்யை யார் பாடம் நடத்துவது?

போர்க்காலப் பொய்களை அடையாளம் காண பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஊடகக் கல்வியைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் 'முடியும்' என்று சொல்லிவிட்டு உக்ரைனைக் கை காட்டுவார்கள். கொஞ்ச நாளாக அது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். உக்ரைனில் நடத்திய பாடம் நல்ல பாடம்தான். அதிலிருந்து மற்ற நாடுகள் எடுத்துக்கொள்ளும் பாடத்தில்தான் எனக்குச் சண்டை. எதிரியின் பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அதுவும் சுலபமான பாதி.

முதலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். 2014-ல் கிரிமியா கைவிட்டுப் போனது. கிழக்கே தோன்பாஸில் சண்டை மூண்டது. கூடவே செய்திச் சண்டையும். அந்த வருடம் மார்ச் மாதமே கீவ்-மொஹிலா இதழியல் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து 'ஸ்டாப்ஃபேக்' என்ற சரிபார்ப்புத் தளத்தைத் தொடங்கினார்கள். பிறகு ஐரெக்ஸ் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 'லேர்ன் டு டிஸ்சர்ன்' என்ற பயிற்சியோடு வந்தது. முதலில் பெரியவர்களுக்கு, சுமார் 15,000 பேருக்கு. 2018-ல் அதே பயிற்சி எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் போனது.

இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பீரியட் நீதிபோதனை மாதிரி ஒதுக்கிவிட்டு, அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும்படி விடவில்லை. ஏற்கெனவே நடக்கிற மொழிப் பாடம், வரலாற்றுப் பாடம் இவற்றுக்குள்ளேயே இதைக் கலந்துவிட்டார்கள். 50 பள்ளிகளில் 5,425 மாணவர்களை வைத்து சோதித்தும் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் வெறுப்புப் பேச்சை அடையாளம் காண்பது இரண்டு மடங்காக இருந்தது. பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பதில் 18 சதவீதமும், தகவலையும் கருத்தையும் பிரித்துப் பார்ப்பதில் 16 சதவீதமும் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். கல்வித் திட்டங்களில் இது சின்ன விஷயம் இல்லை. எவ்வளவோ திட்டங்கள் அறிக்கையோடு முடிந்துபோகின்றன; இவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எதை அளந்தார்கள்? ஒரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்து 'இது உண்மையா, பொய்யா' என்று கேட்டால், பரீட்சை என்று தெரிந்த உடனே அந்தப் பிள்ளை உஷாராகிவிடும். போர்ச் செய்தி அப்படி வருவதில்லையே. ராத்திரி பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லாரும் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, கூடப் படிக்கிற நண்பனிடமிருந்து வரும். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று யாருமே விரும்பாத செய்தியாகவும் இருக்கலாம். அந்த 18 சதவீதம் அந்த ராத்திரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, 2014 ஜூலை 12. ரஷ்யாவின் சேனல் ஒன் தொலைக்காட்சியில் ஒரு பெண் பேசினார். ஸ்லோவியான்ஸ்க் நகரத்தை உக்ரைன் ராணுவம் மீட்ட பிறகு, ஊர்ச் சதுக்கத்தில் மக்களைக் கூட்டி வைத்து, ஒரு சின்னப் பையனைப் பலகையில் சிலுவையில் அறைவதுபோல் அறைந்தார்கள் என்றார். படம் இல்லை. வேறு சாட்சி இல்லை. அந்த ஊருக்குப் போய் விசாரித்த ரஷ்யப் பத்திரிகையாளர்களாலேயே அதைப் பார்த்ததாகச் சொல்லும் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரே கூடி நின்ற இடத்தில் நடந்த ஒன்றை ஒரே ஒருவர்தான் பார்த்தாராம். ஆளாளுக்குக் கையில் போன் இருந்த காலத்தில் ஒரு படமும் கிடையாது. இதை வகுப்பில் வைத்தால் உக்ரைனில் எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையும் பத்து நிமிடத்தில் உடைத்துவிடும். உடைக்க மனசும் இருக்கும், அது எதிரி சொன்ன பொய் என்பதால்.

இரண்டாவது, 2022 பிப்ரவரி 24. முழுப்போர் தொடங்கிய முதல் நாளே 'கீவின் ஆவி' பிறந்துவிட்டது. ஒரே விமானி, ஒரே நாளில் ஆறு ரஷ்ய விமானங்களை வீழ்த்திவிட்டார் என்று உலகமே பகிர்ந்தது. அவர் பறப்பதாகச் சுற்றிய ஒரு வீடியோ, டிசிஎஸ் என்ற விமானச் சண்டை கம்ப்யூட்டர் விளையாட்டில் உருவாக்கியது. முன்னாள் அதிபர் பொரொஷென்கோ 'இவர்தான்' என்று ஒரு விமானியின் படத்தைப் போட்டார். அது 2019-லேயே வெளியான படம். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 30 அன்று, உக்ரைன் விமானப்படையே உண்மையைச் சொன்னது: கீவின் ஆவி தனி ஆள் இல்லை, உக்ரைன் மக்களே படைத்த ஒரு வீரக் கதை. கூடவே, செய்தியைப் பரப்பும் முன் மூலத்தைச் சரிபாருங்கள், தகவல் சுத்தத்தின் அடிப்படை விதிகளை மறக்காதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்ப மதிக்கிறேன். போர் நடந்துகொண்டிருக்கும்போது, தனக்குப் பெருமை சேர்த்த கதையை ஒரு ராணுவமே மறுப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் அதைச் சொல்ல இரண்டு மாதம் ஆகிவிட்டது. 2018-ல் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரியில் பதினேழு, பதினெட்டு வயது. அவர்கள் படித்த அதே கேள்விகளைத்தான் இந்தக் கதையிடமும் கேட்டிருக்க வேண்டும்: யார் சொன்னது, வேறு எங்கே வந்திருக்கிறது, படம் எப்போது எடுத்தது. கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். கேட்கத் தோன்றியிருக்குமா என்பதுதான் கேள்வி. எண்களில் இல்லாத பாதி என்று நான் சொல்வது இதைத்தான்.

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் வரும். அடிவாங்குகிறவன் வீட்டில் போய் 'உன் தெம்புக்கு நீயே சொல்லிக்கொள்ளும் கதையும் பொய்தானே' என்று கேட்பது என்ன நியாயம்? படையெடுத்து வந்தவனையும் வீட்டைக் காப்பவனையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கக் கூடாதுதான். சிலுவைக் கதை ஒரு நாட்டு மக்களைக் கொலைகாரர்களாகக் காட்டச் சொன்னது. கீவின் ஆவி பயந்துகிடந்தவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. இரண்டும் ஒன்றல்ல.

ஆனாலும் நம் பக்கத்துப் பொய்யை விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நீதி சம்பந்தப்பட்டதுகூட இல்லை, வெறும் நடைமுறைக் காரணம். நம் பக்கத்துப் பொய் கடைசியில் நம் பக்கத்து உண்மையைத்தான் கொல்லும்.

முதல் உலகப்போரில் இது நடந்தே இருக்கிறது. 1917-ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஒரு செய்தி போட்டன: ஜெர்மானியர்கள் போரில் செத்தவர்களின் உடல்களை ஆலையில் போட்டுக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்களாம். சுத்தப் பொய். 1925-ல் பிரிட்டிஷ் அரசே நாடாளுமன்றத்தில் அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1928-ல் ஆர்தர் பான்சன்பி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இப்படிப்பட்ட போர்க்காலப் பொய்களைத் திரட்டி ஒரு புத்தகமே எழுதினார். மக்கள் ஏமாந்ததை உணர்ந்தார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது? 1940-களில் நாஜிக்கள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறார்கள் என்ற செய்தி வரத் தொடங்கியபோது, 'போன தடவையும் இப்படித்தானே பிணக்கொழுப்பு என்று கதை விட்டார்கள்' என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒரு பொய்க்கு ஏமாந்ததற்கான விலையை, இருபத்தைந்து வருடம் கழித்து, அதோடு சம்பந்தமே இல்லாதவர்கள் கொடுத்தார்கள்.

அதே ஆபத்து 2022-லும் இருந்தது. மார்ச் கடைசியில் ரஷ்யப் படை புச்சாவைவிட்டுப் போனது. தெருவில் பிணங்கள் கிடந்த படங்கள் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தன. 'நாங்கள் போன பிறகு ஜோடித்த நாடகம்' என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். ஒரு வீடியோவில் பிணம் கையை அசைக்கிறது பாருங்கள் என்று வேறு பரப்பினார்கள். அந்த வீடியோவை நிதானமாக ஓட்டிப் பார்த்தால் தெரியும், அசைந்தது கை இல்லை, காரின் முன்கண்ணாடியில் இருந்த நீர்த்துளி. மார்ச் 19 அன்று எடுத்த செயற்கைக்கோள் படத்தில், அதாவது ரஷ்யப் படை அங்கே இருந்தபோதே, யாப்லுன்ஸ்கா தெருவில் அதே இடங்களில் அந்த உடல்கள் கிடந்தன.

'எதையும் நம்பாதே' என்று மட்டும் பழகிய பிள்ளை புச்சாவையும் நம்பாது. அதற்குப் பெயர் விழிப்புணர்வு இல்லை. பொய் சொல்கிறவனுக்கு அதைவிட வசதி கிடையாது. அவன் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்ற அவசியம்கூட அவனுக்கு இல்லை. 'யாருக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் பொய்தான்' என்று நீங்கள் கையை விரித்தால் போதும். அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் 2018-ல் ஆற்றிய ஒரு உரையில் இந்தக் கவலையைத்தான் கிளப்பினார்: எல்லாவற்றையும் கேள்வி கேள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, யாரை எந்த அடிப்படையில் நம்பலாம் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால், அந்தக் கல்வியே திருப்பி அடிக்கும். எனக்கு அவர் முடிவுகள் எல்லாவற்றிலும் உடன்பாடில்லை. இந்த இடத்தில் அவர் சொல்வது சரி.

சரி, ஊடகக் கல்வி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு ரஷ்யாவையே பார்க்கலாம். போர் தொடங்கிய அதே சமயத்தில் 'பொய்களுக்கு எதிரான போர்' என்ற பெயரில் ஒரு ரஷ்ய டெலிகிராம் சேனல் முளைத்தது. பார்க்க அசல் உண்மை சரிபார்ப்புத் தளம் மாதிரியே இருக்கும்: சிவப்பு முத்திரை, 'பொய்', 'உண்மை' என்று இரண்டு பத்தி. உள்ளே இருந்தது அரசின் வாதம். 2022 மார்ச் 4 அன்று, ராணுவத்தைப் பற்றி 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 வருடம் வரை சிறை என்று சட்டம் வந்தது. அந்த செப்டம்பரிலிருந்து ரஷ்யப் பள்ளிகளில் திங்கட்கிழமை தோறும் 'முக்கியமானவை பற்றிய உரையாடல்கள்' என்று தனி வகுப்பு.

அதாவது 'பொய்ச் செய்தி', 'சரிபார்ப்பு', 'விழிப்பாக இரு' என்ற சொற்களை எந்த அரசும் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்குள்ளும் கொண்டுபோகலாம். அப்படியானால் உண்மையான ஊடகக் கல்வியையும் போலியையும் எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு உரைகல்தான் இருக்கிறது: அந்த வகுப்பறையில் சொந்த அரசின் கூற்றை, சொந்த ராணுவத்தின் கூற்றை, எழுந்து நின்று கேள்வி கேட்க முடியுமா? முடிந்தால் அது கல்வி. முடியாவிட்டால், புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பிரச்சாரம்தான்.

இந்த உரைகல்லில் ஜனநாயக நாடுகளும் தோற்றிருக்கின்றன. 1937-ல் அமெரிக்காவில் 'பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனம்' என்று ஒன்று தொடங்கினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிளைட் மில்லர் அதன் முன்னணியில் இருந்தார். பட்டப்பெயர் சூட்டுவது, பளபளப்பான பொதுச் சொற்களைத் தூவுவது, 'எல்லாரும் நம்ம பக்கம்' என்று கூட்டத்தைக் காட்டுவது என்று பிரச்சாரத்தின் ஏழு உத்திகளைப் பட்டியல் போட்டு, பள்ளிகளுக்குப் பாடமாக அனுப்பினார்கள். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிற பட்டியல் அதுதான். அந்த நிறுவனம் எப்போது மூடப்பட்டது தெரியுமா? அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியதை ஒட்டி, 1942-ல். போர்க்காலத்தில் எல்லாத் தரப்பின் பிரச்சாரத்தையும் ஆற அமர ஆராய்வது நடக்காது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எந்த நேரத்தில் அதிகம் தேவையோ, அந்த நேரத்தில் கடையைச் சாத்தியாயிற்று. மழைக்காலம் வந்ததும் குடையைப் பரணில் போட்ட கதை.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று இருந்துவிட முடியாது. 2025 மே 7 முதல் 10 வரை, இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நான்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். கராச்சி துறைமுகம் அழிந்தது, இஸ்லாமாபாத் விழுந்தது என்று நம் தொலைக்காட்சிகள் சில அலறின. எதுவும் நடக்கவில்லை. ஒரு அறிவிப்பாளர் பிறகு நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டார். ஆர்மா 3 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் காட்சிகளை இரண்டு நாட்டிலும் நிஜச் சண்டை என்று பரப்பினார்கள். கீவின் ஆவிக்கு டிசிஎஸ், நமக்கு ஆர்மா. எனக்கு வந்த ஃபார்வர்டுகளில் பாதி, படித்து வேலையில் இருப்பவர்கள் அனுப்பியவை. இப்படிப்பட்ட விளையாட்டை ஆடிப் பழகிய பத்தாம் வகுப்புப் பையனுக்கு அந்த வீடியோ என்னவென்று நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்திருக்கும். அவனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். 'அப்பா, இது கேம்ப்பா' என்று வீட்டில் சொன்னால் 'நீ எந்தப் பக்கம்டா?' என்று கேள்வி வராமல் இருக்குமா? திறமை இருந்தும் வாயைத் திறக்க முடியாத இந்த இடத்தைத்தான் எந்தப் பாடத்திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? என் யோசனை மூன்று.

ஒன்று, வகுப்புக்கு ஒரு நம் பக்கத்துப் பொய் கட்டாயம் வேண்டும். சூடு ஆறாத நேற்றைய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. கீவின் ஆவி மாதிரி, சம்பந்தப்பட்டவர்களே பிறகு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். உக்ரைன் பிள்ளைகளுக்கு அது, பிரிட்டிஷ் பிள்ளைகளுக்குப் பிணக்கொழுப்பு, நம் பிள்ளைகளுக்கு கராச்சி. 'நாம் ஏன் இதை நம்ப ஆசைப்பட்டோம்?' என்ற கேள்வியை அங்கே கேட்க வேண்டும். எதிரியின் பொய்யை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. அதை நம்ப நமக்கு ஆசையே வந்திருக்காதே.

இரண்டு, வகுப்புக்கு ஒரு நம்பக் கஷ்டமான உண்மையும் வேண்டும். பிள்ளைகள் சந்தேகத்தோடு தொடங்கி, தேடி, கடைசியில் 'ஆமாம், இது நடந்திருக்கிறது' என்று வந்து சேர வேண்டும். புச்சாவின் செயற்கைக்கோள் படமும் அந்த நீர்த்துளியும் அதற்கு நல்ல பாடம். எத்தனை பொய்யைப் பிடித்தாய் என்பதோடு, எத்தனை உண்மையை உண்மை என்று உறுதி செய்தாய் என்பதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.

தேடும் முறையும் முக்கியம். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,446 பேரிடம் ஒரு மங்கலான வீடியோவைக் காட்டினார்கள். அமெரிக்கத் தேர்தலில் கள்ள ஓட்டு போடுவதாகச் சொல்லும் வீடியோ. 52 சதவீதம் பேர் அதை வலுவான ஆதாரம் என்றார்கள். உண்மையில் அது ரஷ்யாவில் எடுத்தது. இணையத்தில் தேட அனுமதி இருந்தும், அதன் மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் வீடியோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யைக் குடையக் குடைய அது இன்னும் நிஜமாகத்தான் தெரியும். அதைவிட்டு வெளியே வந்து, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பவர்தான் பிழைக்கிறார். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். ஒரு புது டேபைத் திறந்து தேடும் பழக்கம், அவ்வளவுதான்.

மூன்று, ஆசிரியருக்குப் பாதுகாப்பு. இது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் பேச்சு. போர் நேரத்தில் 'நம் சேனல் சொன்னது பொய்' என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியரை யாராவது வீடியோ எடுத்துப் போட்டால், மறுநாள் அவர் வேலை இருக்குமா? அதனால் இந்த உதாரணங்கள் ஆசிரியரின் சொந்தத் துணிச்சலாக இருக்கக் கூடாது. அச்சிட்ட பாடப்புத்தகத்தில், அரசு முத்திரையோடு இருக்க வேண்டும். 'பாடத்தில் இருக்கு, நடத்தினேன்' என்று அவர் சொல்ல முடிய வேண்டும். எந்த அரசு தன் பொய்யைத் தானே பாடப்புத்தகத்தில் போடும் என்று நீங்கள் சிரிக்கலாம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே உக்ரைன் விமானப்படை அதில் பாதி தூரம் வந்தது. முகநூலில் ஒரு பதிவாக வந்ததைப் புத்தகத்தில் ஒரு பக்கமாக மாற்றுவதுதான் பாக்கி.

இதைச் செய்ய அமைதியான காலம்தான் தோது. சண்டை தொடங்கிய பிறகு எந்த அமைச்சகமும் இதைத் தொடாது. 1942 அதைத்தான் சொல்கிறது. இப்போது பதினான்கு வயதில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் நான்கு வருடத்தில் ஓட்டு வந்துவிடும். அடுத்த சண்டை எப்போது என்று யாரும் நாள் குறித்துத் தரப்போவதில்லை. அந்த ராத்திரி பதினொரு மணிக்கு, தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு செய்தி வரும்போது, அதை உடனே அனுப்பாமல் ஒரு நிமிடம் தேடிப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு இப்போதே பழக்கியாக வேண்டும்.